வளிம வண்ணப்பிரிகையில் ஊர்தி வளிமத்தின் வேகத் தேர்வு: மன்னார்குடி மீத்தேன் சூழலை முன்வைத்து ஓர் அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வளிமக் கலவையில் என்னென்ன உள்ளன, எவ்வளவு உள்ளன என்பதை அறிய இன்று பெரிதும் கையாளப்படும் முறை வளிம வண்ணப்பிரிகை ஆகும். இம்முறையில் கலவையைச் சுமந்து செல்லும் ஊர்தி வளிமத்தின் வேகமே பிரிகையின் தெளிவையும் அதற்காகும் காலத்தையும் பெரிதும் தீர்மானிக்கிறது. அவ்வேகம் ஏன் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும், அதனை எவ்வாறு தேர்ந்து அளப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வேகம், பாய்வு வீதம் ஆகிய இரு கருத்துகளையும் தமிழில் பிரித்துக் காட்டும் கலைச்சொற்களின் தேவையை எடுத்துரைக்கிறது. மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேனின் தோற்றுவாய் பற்றிய வினாவிற்கு விடை காண்பதில் இவ்வேகத் தேர்வு எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

வளிம வண்ணப்பிரிகை, ஊர்தி வளிமம், ஓட்ட வேகம், பாய்வு வீதம், தட்டு உயரம், மீத்தேன், மன்னார்குடி, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறு மன்னார்குடி வட்டாரத்து நெல்வயல்களுக்கு நீர் ஊட்டுகிறது. அவ்வயல்களுக்கு அடியில் ஆழத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகை பரந்து கிடக்கிறது. அப்படுகையிலிருந்து மீத்தேன் எடுப்பதற்கென 691 சதுர கி.மீ. பரப்புள்ள மன்னார்குடித் தொகுதி வரையறுக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு சனவரியில் இதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. உழவர்களும் நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண்மை அறிஞர்களும் எதிர்த்ததைத் தொடர்ந்து 2013-இல் பணிகள் நிறுத்தப்பட்டன. 2015-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிப்பதில்லை என முடிவு செய்தது. 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டவழி அறிவிக்கப்பட்டது.

இவ்விவாதத்தின் வழியாக ‘மீத்தேன்’ என்னும் சொல் காவிரிப் படுகையின் அன்றாடத் தமிழுள் நுழைந்தது. ஆயினும் மீத்தேனை அளக்கும் முறை பற்றிய விளக்கம் தமிழில் அதே அளவிற்குப் பெருகவில்லை. இப்பகுதியின் நிலவியல் சூழல் அவ்விளக்கத்தை வேண்டி நிற்கிறது. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஆழத்துப் பாறை அடுக்குகளில் பண்டைய உயிர்ப்பொருள் வெப்பத்தால் சிதைந்து உண்டாகும் இயற்கை எரிவளியிலும் மீத்தேனே முதன்மைக் கூறு. மன்னார்குடிக்கு அருகில் உள்ள கோவில்களப்பாள் முதலிய இடங்களில் எண்ணெய், எரிவளிக் கிணறுகள் உள்ளன. எனவே ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரில் வளிமக் குமிழ் எழுமாயின், அதில் மீத்தேன் உள்ளதா என்னும் வினா போதாது. அம்மீத்தேன் எங்கிருந்து வந்தது என்னும் வினாவே முதன்மையானது. அதற்கு விடை, மீத்தேனுடன் மிகச் சிற்றளவில் கலந்து வரும் பிற வளிமங்களைத் தெளிவாகப் பிரித்து அளப்பதைப் பொறுத்தது. அப்பிரிகையின் தெளிவு ஊர்தி வளிமத்தின் வேகத்தைப் பொறுத்தது.

2. வளிம வண்ணப்பிரிகையின் அடிப்படை

வண்ணப்பிரிகை என்னும் பெயர், உருசிய நாட்டுத் தாவரவியலாளர் மிகயில் சுவெத் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைகளின் நிறமிகளைத் தனித்தனி வண்ணப் பட்டைகளாகப் பிரித்ததனால் ஏற்பட்டது. நிறமற்ற வளிமங்களைப் பிரிக்கும்போதும் அப்பெயர் நிலைத்துவிட்டது. நகரும் ஊடகமாக வளிமத்தையும் பயன்படுத்தலாம் என மார்ட்டின், சிங் ஆகியோர் 1941-இல் குறிப்பிட்டனர். 1952-இல் சேம்சு, மார்ட்டின் ஆகியோர் அதனைச் செயல்முறையில் நிறுவினர்.

இம்முறையின் கருவியில் ஒரு நீண்ட பிரிகைக் குழாய் உள்ளது. அதன் உட்சுவரில் அல்லது உள்நிரப்பில் அமைந்த பொருள் நிலையான நிலைமை எனப்படும். அதனைக் கடந்து இடைவிடாது ஓடும் ஊர்தி வளிமம் நகரும் நிலைமை எனப்படும். ஆய்வுக்குரிய கலவை ஊர்தி வளிமத்தில் செலுத்தப்படுகிறது. கலவையின் ஒவ்வொரு கூறும் ஓட்டத்தில் சிறிது நேரமும் நிலையான நிலைமையில் சிறிது நேரமுமாக மாறி மாறித் தங்குகிறது. நிலையான நிலைமையை மிகுதியாகப் பற்றும் கூறு பிந்தி வெளிவருகிறது. குறைவாகப் பற்றும் கூறு முந்தி வெளிவருகிறது. குழாயின் முடிவில் உள்ள உணர்வி ஒவ்வொரு கூற்றையும் ஒரு முகடாகப் பதிவு செய்கிறது. முகடு தோன்றும் நேரம் கூற்றின் அடையாளத்தையும், முகட்டின் பரப்பு அதன் அளவையும் காட்டுகின்றன.

இரு கூறுகள் நன்கு பிரிந்தன எனக் கொள்வதற்கு அவற்றின் முகடுகள் விலகி நின்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு முகடும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். விலகலைப் பெரிதும் அளிப்பவை நிலையான நிலைமையும் வெப்பநிலையும் ஆகும். அகலத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துவது ஊர்தி வளிமத்தின் வேகமாகும்.

3. கலைச்சொல் தெளிவு

இக்கருத்தைத் தமிழில் விளக்க முற்படும்போது முதலில் எதிர்ப்படுவது கலைச்சொல் சிக்கல். கலவையைச் சுமக்கும் வளிமத்தைக் ‘கடத்தி வாயு’ என்றோ ‘தாங்கு வாயு’ என்றோ கூறுவதில் இடர்ப்பாடு உண்டு. ‘கடத்தி’ என்னும் சொல் இயற்பியலில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்தும் பொருளுக்கு உரியதாக நிலைபெற்றுவிட்டது. இதே கருவியில் வெப்பக் கடத்துத்திறன் உணர்வி என ஓர் உறுப்பும் இருப்பதால் மயக்கம் மிகும். ‘தாங்கு’ என்பதும் பொருந்தாது. நிலையான நிலைமையாகிய நீர்மத்தைத் தன்மேல் ஏந்தி நிற்கும் திண்மத் துகள்களுக்குத் ‘தாங்கி’ என்னும் பெயர் தேவைப்படுகிறது. ஏற்றிச் செல்லுதல், நகர்தல் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும் ‘ஊர்தி வளிமம்’ என்னும் தொடர் இம்மயக்கங்களுக்கு இடம் தருவதில்லை.

இதனினும் முதன்மையானது வேகத்திற்கும் பாய்வு வீதத்திற்கும் உள்ள வேறுபாடு. ஒரு நொடியில் வளிமம் எவ்வளவு தொலைவு நகர்கிறது என்பது ஓட்ட வேகம். இதன் அலகு நொடிக்குச் செ.மீ. ஒரு நிமிடத்தில் எவ்வளவு கன அளவு வளிமம் கடந்து செல்கிறது என்பது பாய்வு வீதம். இதன் அலகு நிமிடத்திற்கு மி.லி. காவிரிப் படுகையில் இவ்வேறுபாடு வழக்கில் உள்ள ஒன்றேயாகும். மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி திறக்கப்பட்டது என்னும் செய்தி பாய்வு வீதத்தைச் சுட்டுகிறது. அதே கன அளவு நீர் அகன்ற ஆற்றில் மெல்லவும் குறுகிய மதகில் விரைந்தும் ஓடுகிறது என்பது ஓட்ட வேகத்தைச் சுட்டுகிறது.

பிரிகைக் குழாயிலும் இவ்வாறே நிகழ்கிறது. 0.25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் ஓடும் வளிமத்தின் பாய்வு வீதம், குழாயினுள் உள்ள நிலையில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.88 மி.லி. ஆகும். அதே 0.88 மி.லி. வளிமம் 0.53 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 6.7 செ.மீ. வேகத்தில் மட்டுமே நகரும். ஆகவே பாய்வு வீதத்தை மட்டும் குறிப்பிட்டுக் குழாயின் விட்டத்தைக் கூறாது விடும் ஆய்வறிக்கை, பிரிகை எத்தகைய நிலையில் நடந்தது என்பதை அறிய இடம் தருவதில்லை. இரண்டையும் ‘வேகம்’ என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது இக்குறையைப் பெருக்கும்.

4. உகந்த வேகம்: மூன்று காரணிகள்

பிரிகைக் குழாயின் திறனைத் ‘தட்டு உயரம்’ என்னும் அளவால் குறிப்பர். இச்சொல் காய்ச்சி வடித்தல் கோபுரங்களின் தட்டுகளிலிருந்து கடன்கொள்ளப்பட்டது; பிரிகைக் குழாயில் தட்டு என ஏதும் இல்லை. கூறு ஒன்று ஒரு முறை சமநிலை எய்துவதற்குத் தேவைப்படும் குழாய் நீளம் எனத் தட்டு உயரத்தைக் கருதலாம். அது சிறிதாக இருப்பின் ஒரே நீளத்தில் தட்டுகள் மிகும், முகடுகள் குறுகும்.

தட்டு உயரத்திற்கும் ஓட்ட வேகத்திற்கும் உள்ள உறவை 1956-ஆம் ஆண்டு வான் தீம்தர், சைடர்வெக், கிளிங்கன்பர்க் ஆகியோர் ஒரு சமன்பாடாக வெளியிட்டனர். தட்டு உயரத்தை ‘த’ எனவும் வேகத்தை ‘வ’ எனவும் கொண்டால் அச்சமன்பாடு பின்வருமாறு அமையும்:

த = அ + (ஆ ÷ வ) + (இ × வ)

இதில் ‘அ’ என்பது பாதை வேறுபாட்டைக் குறிக்கும். துகள்கள் நிரப்பப்பட்ட குழாயில் ஒரே கூற்றின் மூலக்கூறுகள் நீண்டும் குறுகியும் உள்ள வெவ்வேறு வழிகளில் செல்வதால் முகடு அகல்கிறது. இது வேகத்தைச் சார்ந்ததன்று. நிரப்பு இல்லாத நுண்துளைக் குழாய்களுக்கு இக்கூறு இல்லை என்பதை உள்ளடக்கிய சமன்பாட்டை மார்செல் கோலே 1958-இல் அளித்தார்.

‘ஆ’ என்பது விரவலைக் குறிக்கும். குழாயினுள் இருக்கும் நேரம் முழுதும் மூலக்கூறுகள் முன்னும் பின்னுமாகத் தாமே பரவுகின்றன. ஓட்டம் மெதுவாக இருப்பின் பரவுவதற்குக் காலம் மிகுதியாகக் கிடைக்கிறது. எனவே வேகம் குறையக் குறைய இப்பங்கு பெருகுகிறது.

‘இ’ என்பது பரிமாற்றத் தாமதத்தைக் குறிக்கும். ஓட்டத்திற்கும் நிலையான நிலைமைக்கும் இடையே மூலக்கூறுகள் மாறிச் செல்வதற்குச் சிறிது காலம் வேண்டும். ஓட்டம் மிக விரைவாயின் சுவரைப் பற்றிய மூலக்கூறுகள் பின்தங்க, ஓட்டத்தில் உள்ளவை முன்சென்றுவிடும். எனவே வேகம் மிக மிக இப்பங்கு பெருகுகிறது.

ஒன்று வேகம் குறைவதால் பெருகுவது. மற்றொன்று வேகம் மிகுவதால் பெருகுவது. இரண்டின் பங்கும் சமமாகும் வேகத்தில் தட்டு உயரம் மிகச் சிறிதாகிறது. அதுவே உகந்த வேகம். ‘ஆ’வை ‘இ’யால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலமாக அதனைக் கணக்கிடலாம். மெதுவாக ஓடவிட்டால் நன்கு பிரியும் என்னும் பொதுவான எண்ணம் பிழையானது என்பது இதனால் தெளிவாகிறது.

5. எண்வழி விளக்கம்

30 மீ. நீளமுள்ள நுண்துளைக் குழாய் ஒன்றில் உகந்த வேகம் நொடிக்கு 25 செ.மீ. எனவும், அவ்வேகத்தில் தட்டு உயரம் 0.25 மி.மீ. எனவும் விளக்கத்திற்காகக் கொள்ளலாம். பிற வேகங்களுக்குரிய மதிப்புகளை மேற்கண்ட சமன்பாடு பின்வருமாறு தருகிறது. கடைசி நிரல், நிலையான நிலைமையைப் பற்றாத ஒரு கூறு குழாயைக் கடக்கும் காலமாகும்.

| வேகம் (செ.மீ./நொடி) | விரவல் பங்கு (மி.மீ.) | பரிமாற்றப் பங்கு (மி.மீ.) | தட்டு உயரம் (மி.மீ.) | தட்டுகளின் எண்ணிக்கை | கடக்கும் காலம் (நொடி) |
|---|---|---|---|---|---|
| 12.5 | 0.250 | 0.063 | 0.313 | 96,000 | 240 |
| 25 | 0.125 | 0.125 | 0.250 | 1,20,000 | 120 |
| 50 | 0.063 | 0.250 | 0.313 | 96,000 | 60 |
| 100 | 0.031 | 0.500 | 0.531 | 56,500 | 30 |

உகந்த வேகத்தின் பாதியிலும் இருமடங்கிலும் தட்டு உயரம் ஒன்றாகவே உள்ளது. ஆனால் பாதி வேகத்தில் ஆகும் காலம் இருமடங்கு வேகத்தில் ஆவதைப் போல நான்கு மடங்கு. தெளிவில் ஒரே இழப்பு; காலத்தில் பெரும் வேறுபாடு. உகந்த வேகத்திலிருந்து விலக நேரின் விரைவின் பக்கமே விலக வேண்டும் என்னும் நடைமுறை விதி இதிலிருந்து பெறப்படுகிறது. ஆய்வகங்கள் பெரும்பாலும் உகந்த வேகத்தினும் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை மிகுந்த வேகத்தைத் தேர்வதற்குக் காரணம் இதுவே.

மேலும், பிரிகைத் தெளிவு தட்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தை இருமடங்காக்கும்போது தெளிவு ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே குறைகிறது. நான்கு மடங்காக்கும்போது 31 விழுக்காடு குறைகிறது. முதல் இழப்பைப் பல ஆய்வுகளில் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது இழப்பு, நெருங்கி வெளிவரும் கூறுகளை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

6. ஊர்தி வளிமத்தைத் தேர்தல்

உகந்த வேகம் எல்லா வளிமங்களுக்கும் ஒன்றன்று. 0.25 மி.மீ. விட்டக் குழாயில் நைட்ரசனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 12 செ.மீ., ஈலியத்திற்கு 25 செ.மீ., ஐதரசனுக்கு 40 செ.மீ. என்னும் அளவில் அது அமைகிறது. நைட்ரசனில் விரவல் குறைவாதலால் அதன் மிகச் சிறிய தட்டு உயரம் பிற இரண்டினும் சற்றே சிறப்புடையது. எனினும் உகந்த வேகத்தைச் சிறிது தாண்டினாலும் நைட்ரசனின் தட்டு உயரம் செங்குத்தாக உயர்கிறது. ஐதரசனில் அது மெல்லவே உயர்கிறது. எனவே வேகத்தை மிகுத்தாலும் தெளிவு பெரிதும் கெடுவதில்லை.

ஐதரசன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. கருவியின் வெப்ப அறையில் கசிவு ஏற்படாது காக்க வேண்டிய கடப்பாடு அதனோடு வருகிறது. ஈலியம் தீப்பற்றாதது, ஆயினும் விலை மிகுந்தது, கிடைப்பதும் அரிதாகி வருவது. ஆகவே ஊர்தி வளிமத் தேர்வில் தெளிவு, காலம், காப்பு, செலவு ஆகிய நான்கும் ஒருங்கே எண்ணப்படுகின்றன.

7. வேகத்தை அளத்தல்

ஓட்ட வேகத்தை அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நிலையான நிலைமையைப் பற்றாத ஒரு வளிமத்தைச் செலுத்தி, அது வெளிவர ஆகும் காலத்தால் குழாயின் நீளத்தை வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். சுடர் அயனியாக்க உணர்வி உள்ள கருவிகளில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மீத்தேனே ஆகும். 30 மீ. குழாயிலிருந்து மீத்தேன் 100 நொடியில் வெளிவந்தால் சராசரி வேகம் நொடிக்கு 30 செ.மீ.

இங்கு ஒரு வரையறை கருதத்தக்கது. மீத்தேன், ஈத்தேன் போன்ற மென்வளிமங்களைப் பிரிப்பதற்கென அமைந்த நுண்துளைப் பொருள் பூசிய குழாய்கள் மீத்தேனையும் சிறிது பற்றி நிறுத்துகின்றன. அத்தகைய குழாயில் மீத்தேனை அளவுகோலாகக் கொண்டால் உண்மை வேகத்தினும் குறைவான மதிப்பே கிடைக்கும். அளக்கப்படும் பொருளே அளவுகோலாகவும் அமையும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் இன்றியமையாதது.

‘சராசரி’ என்னும் அடையும் தேவையானது. வாய்க்காலில் தலைமடையில் நீர் விரைந்தும் கடைமடையில் தளர்ந்தும் செல்வது வழக்கம். பிரிகைக் குழாயில் இதன் மறுதலை நிகழ்கிறது. நுழைவில் அழுத்தம் மிகுதி, முடிவில் குறைவு. அழுத்தம் குறையக் குறைய வளிமம் விரிவதால் குழாயின் கடைப்பகுதியிலேயே வேகம் மிகுதி. மேலும், வெப்பநிலை உயர்ந்தால் வளிமத்தின் பாகுநிலை மிகும். எனவே அழுத்தத்தை மாற்றாது வெப்பநிலையை மட்டும் உயர்த்தும் ஆய்வுகளில் ஓட்ட வேகம் படிப்படியாகக் குறைகிறது. வேகம் எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதையும் அறிக்கை குறிப்பிட வேண்டும்.

8. மன்னார்குடிச் சூழலில் வேகத் தேர்வின் விளைவு

நுண்ணுயிர்வழி மீத்தேனையும் வெப்பவழி மீத்தேனையும் வேறுபடுத்த, மீத்தேனின் அளவை ஈத்தேன், புரோப்பேன் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் விகிதம் பயன்படுகிறது. பெர்னார்டும் உடன் ஆய்வாளர்களும் 1970-களில் மெக்சிகோ வளைகுடா வளிமக் கசிவுகளை ஆராய்ந்து இதனை வழக்கிற்குக் கொணர்ந்தனர். நுண்ணுயிர்கள் ஈத்தேனையும் புரோப்பேனையும் மிகச் சிறிதளவே உண்டாக்குவதால் அவ்வழி வளிமத்தில் இவ்விகிதம் 1,000-க்கு மேல் அமைகிறது. வெப்பவழி வளிமத்தில் அது பெரும்பாலும் 100-க்கும் கீழே அமைகிறது.

ஆயிரத்தில் ஒரு பங்கினை அளக்கும் இப்பணியில் வேகத்தால் நேரும் பிழை இரு திசைகளில் முடிவை மாற்றவல்லது. ஓர் எடுத்துக்காட்டாக, மீத்தேன் 10,000 பங்கும் ஈத்தேன், புரோப்பேன் இரண்டும் சேர்ந்து 20 பங்கும் உள்ள மாதிரியைக் கொள்ளலாம். இதன் விகிதம் 500. மீத்தேன் முகடு அகன்று, அதன் வால் ஈத்தேன் முகட்டை விழுங்கிச் சிறுகூறுகளில் 10 பங்கே பதிவானால் விகிதம் 1,000 ஆகிவிடும். ஆழத்து வளிமம் கலந்த மாதிரி, வயற்சேற்று வளிமமாகத் தோற்றமளிக்கும்.

மறுதிசைப் பிழையும் உண்டு. நீர் தேங்கிய மண்ணில் நுண்ணுயிர்களால் எத்திலீனும் சிறிது உண்டாகிறது. எத்திலீனும் ஈத்தேனும் பிரிகைக் குழாயிலிருந்து அடுத்தடுத்து வெளிவருபவை. மீத்தேன் 10,000, ஈத்தேன் 8, எத்திலீன் 4 எனப் பங்குகள் உள்ள மாதிரியின் உண்மை விகிதம் 1,250. எத்திலீன் ஈத்தேனோடு கலந்து 12 எனப் பதிவானால் விகிதம் 833 ஆகக் குறையும். இப்போது வயற்சேற்று வளிமம், ஆழத்து வளிமம் கலந்ததெனத் தோற்றமளிக்கும். உகந்த வேகத்தில் இவ்விரு முகடுகளின் பிரிகைத் தெளிவு 1.5 எனக் கொண்டால், முற்பட்ட அட்டவணையின்படி இருமடங்கு வேகத்தில் அது 1.34 ஆகவும் நான்கு மடங்கு வேகத்தில் 1.03 ஆகவும் குறையும். சமமான இரு முகடுகள் அடிக்கோடு வரை பிரிவதற்கு 1.5 என்னும் தெளிவு வேண்டும்; பெரிய முகட்டை ஒட்டிச் சிறிய முகடு வருமாயின் அதனினும் மிகுதியாக வேண்டும்.

உழவர் தரப்பிற்கோ எதிர்த் தரப்பிற்கோ சாதகமான முடிவு, கருவியை இயக்கியவர் அறியாமலேயே, வேகத் தேர்வு ஒன்றினால் மட்டும் விளையக்கூடும் என்பது இவ்வெடுத்துக்காட்டுகளால் விளங்கும். ஆகவே மீத்தேன் மிகுதியாகவும் பிற கூறுகள் அரிதாகவும் உள்ள மாதிரிகளுக்குக் காலச் சிக்கனத்தைக் கருதி வேகத்தைப் பெரிதும் மிகுப்பது பொருந்தாது. உகந்த வேகத்தை ஒட்டியே இயக்குதலும், ஈத்தேன், எத்திலீன் முகடுகள் பிரிந்துள்ளன என்பதை அறிந்த அளவுள்ள கலவையால் முதலில் சரிபார்த்தலும் வேண்டும்.

பிரிகை செம்மையாக அமைந்த பின்னரும் விகிதம் ஒன்றே முடிந்த முடிபு ஆகாது. பழுப்பு நிலக்கரி போன்ற இளம் நிலக்கரியில் உள்ள மீத்தேனின் ஒரு பகுதியும் நுண்ணுயிர்களால் உண்டானதாக இருக்கலாம். அத்தகைய மீத்தேன் ஆழத்திலிருந்து வந்திருப்பினும் விகிதம் 1,000-க்கு மேல் காட்டக்கூடும். எனவே கரிமம்-13 என்னும் ஓரிடத்தான் விகிதத்தையும் உடன் அளப்பது தேவையாகிறது. அவ்வளவீட்டிற்கும் மீத்தேனைப் பிற கூறுகளிலிருந்து முதலில் பிரித்துத் தருவது வண்ணப்பிரிகையே ஆதலால், வேகத் தேர்வு அங்கும் தொடர்கிறது.

9. முடிவுரை

ஊர்தி வளிமத்தின் வேகம் மெதுவாக இருப்பதும் விரைவாக இருப்பதும் தம்மளவில் சிறப்பன்று. விரவலும் பரிமாற்றத் தாமதமும் சமமாகும் உகந்த வேகமே தெளிவின் உச்சம். அதிலிருந்து விலக நேரின் விரைவின் பக்கம் விலகுதல் காலத்தை மிச்சப்படுத்தும். அரிய கூறுகளை அளக்கும் ஆய்வில் அவ்விலகலுக்கும் எல்லை உண்டு.

கலைச்சொல் நிலையில், ஓட்ட வேகமும் பாய்வு வீதமும் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்பட வேண்டும். ‘ஊர்தி வளிமம்’ என்னும் தொடர் ‘கடத்தி’, ‘தாங்கி’ ஆகிய சொற்களை அவற்றிற்குரிய பொருளிலேயே நிற்கச் செய்கிறது.

வளிம ஆய்வறிக்கைகள் தமிழில் வெளியிடப்படும்போது பிரிகைக் குழாயின் நீளம், உள்விட்டம், நிலையான நிலைமை, ஊர்தி வளிமத்தின் பெயர், சராசரி ஓட்ட வேகம், அது அளக்கப்பட்ட வெப்பநிலை ஆகியவை இடம்பெறுதல் வேண்டும். மன்னார்குடி போன்ற வட்டாரத்தில் ஓர் எண்ணை நம்பியே நிலத்தின் பயன்பாடு குறித்து வாதிடப்படுகிறது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்று வினவுவதற்குரிய சொற்கள் அம்மக்களின் மொழியில் இருப்பது அறிவியல் தமிழின் கடமையாகும்.